பெரிய விலாஸ் சாம்பார்

மார்ச் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழேகால் பேருந்தில் நானும் அம்மாவும் கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கினோம். ஒரு சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்ப்பதற்காக.

எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மூன்று மணி நேரம் வளைந்து வளைந்து இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் மூன்று மணி நேரம் ஏறி வருவதென்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். அதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா கித்தேரியம்மாள் பதினாறு வருடங்களாக ஒரு பள்ளி விடுதியின் சமையல்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஏப்ரல் முதல் அந்தச் சமையலை வெளியூர் கம்பெனி ஒன்று எடுத்து நடத்தப் போகிறது. ஆட்களையும் அவர்களே கொண்டுவருகிறார்கள். இந்த மாதக் கடைசியோடு அம்மாவுக்கு வேலை இல்லை. நான் நாயுடுபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். மாலையில் மாதா கோயில் ஹாலில் நடக்கும் அலுவலக நிர்வாக வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

திங்கட்கிழமை பரமானந்தம் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏரிக்கு மேலே பன்னிரண்டு அறை வைத்து லாட்ஜ் நடத்துகிறார். மாதா கெபித் திருநாளுக்கு அம்மா அவித்த இட்லியைச் சாப்பிட்டிருக்கிறாராம்.

"சீசன்ல இருந்து நம்ம லாட்ஜுல காலை டிபன நீங்க பாத்துக்கிறீங்களாம்மா? கிச்சன் முழுசா உங்க பொறுப்பு. நான் தலையிட மாட்டேன்."

அம்மா சேலை முந்தியைப் பிசைந்துகொண்டே, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க. இல்லன்னா, பழனி பெரிய விலாஸ்ல வேலை பாத்த மாஸ்டர் ஒருத்தர் வர்றேன்னு நிக்கிறாரு. அவருக்குச் சரின்னு சொல்லிருவேன்."

பெரிய விலாஸ் என்ற பெயரைக் கேட்டதும் அம்மாவின் முகத்தில் விஷயம் முடிந்துபோனது. அவர் வாசலைத் தாண்டியதுமே சொல்லிவிட்டாள்: "பெரிய விலாஸ் மாஸ்டர் எங்க, நான் எங்க? பேசாம முடியாதுன்னு சொல்லிரு."

அந்த ஹோட்டலைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் இருக்க முடியாது. அதன் முழுப்பெயர் நீளமானது. யாரும் அதைச் சொல்வதில்லை. பழனிக்குப் போய்த் திரும்பும் யாரிடம் கேட்டாலும், மலை ஏறியது அரை நிமிடம், பெரிய விலாஸ் சாம்பார் ஐந்து நிமிடம் என்றுதான் பேச்சு இருக்கும். அம்மாவும் நானும் அங்கே சாப்பிட்டதே இல்லை. எங்கே போனாலும் கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடுகிற குடும்பம் நாங்கள்.

அம்மாவுக்கு இன்னொரு நம்பிக்கையும் உண்டு. "மேல பருப்பு வேகாதுடி. மாவு பொங்காது. நாம என்னதான் பண்ணுனாலும் கீழ இருக்கவங்க கைப்பக்குவம் வராது." கொடைக்கானல் குளிரில் மாவு பொங்க இரண்டு இரவு வேண்டும் என்பது உண்மைதான். துவரம்பருப்பை அம்மா விடியும் முன்பே விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டு அடுப்பில் ஏற்றிவிடுவாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கும்.

நான் போட்ட திட்டம் இதுதான். பெரிய விலாஸில் ஒரு தடவை அம்மா சாப்பிட வேண்டும். அங்கே என்னென்ன எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். முடிவெடுக்கும் முன் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லி வகுப்பில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நோட்டில் கட்டம் போட்டேன். பதம், உப்பு, புளிப்பு, மணம், மதிப்பெண். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமை, எங்களுக்கு எப்படியும் கறி மீன் கிடையாது; பெரிய விலாஸும் சைவம். அதனால் அம்மாவாலும் மறுப்பு சொல்ல முடியவில்லை. இருவரும் லீவு போட்டோம்.

பேருந்து பெருமாள்மலையைத் தாண்டும்போதுதான் திட்டத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. அந்தச் சாம்பார் நிஜமாகவே நன்றாக இருந்தால்? ஊரே சொல்வதுபோல அமிர்தமாக இருந்தால்? அம்மா இன்னும் சுருங்கிப் போவாளே தவிர எப்படித் துணிவாள்? இதை நான் ஏன் யோசிக்கவில்லை? நான்கு நாள் கட்டம் போட்டவள் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் திருநாள் சேலை கட்டிக்கொண்டு, ஜன்னலோரத்தில், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி சந்தோஷமாக வந்துகொண்டிருந்தாள்.

"எத்தன வகை சட்னி குடுப்பாங்கடி?"

"நாலுன்னு சொல்றாங்கம்மா."

"நாலா! மாதாவே!"

பத்து இருபதுக்குப் பழனி. வெள்ளிக்கிழமைக் கூட்டம். மொட்டையும் சந்தனமுமாகக் குடும்பம் குடும்பமாக மக்கள். அடிவாரத்துத் தெருவில் 'புதிய பெரிய விலாஸ்' என்று ஒரு பலகை, 'ஒரிஜினல் பெரிய விலாஸ்' என்று இன்னொன்று. நடுவில், புகையேறிக் கறுத்த பழைய பலகையோடு வெறும் பெரிய விலாஸ். என் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஹோட்டலுக்குள் நுழைவதற்கு இப்படி அடிக்குமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

உள்ளே உட்கார இடமில்லை. சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அவர்கள் எழுந்ததும் உட்கார வேண்டும். அம்மாவுக்கு அது கூச்சமாக இருந்தது. "அவுக வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்குடி" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அதற்குள் இரண்டு இடங்கள் போய்விட்டன. கடைசியில், மொட்டைத் தலையோடு சாப்பிட்டு எழுந்த ஒருவர் தானே கூப்பிட்டார்.

"அக்கா, இப்பிடி நின்னா மத்தியானச் சாப்பாடுதான் கெடைக்கும். வெரசா உக்காருங்க."

சப்ளையர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். இரண்டு இட்லி, ஒரு வடை. வாளியிலிருந்து சாம்பார் விழுந்தது. நான் நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அம்மா சிலுவை அடையாளம் போட்டுவிட்டு முதல் வாயை எடுத்து வைத்தாள்.

இரண்டாவது வாயையும் வைத்தாள்.

நானும் சாப்பிட்டேன். சூடாக இருந்தது. உப்பு இருந்தது. அதற்கு மேல் எதுவுமே தெரியவில்லை. பதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"காது அடைச்சிருக்குடி. அதான் ஒண்ணும் தெரியல."

மலையிலிருந்து இறங்கினால் எங்களுக்கு எல்லாக் குற்றமும் காதின் மேல்தான். கீழே தலை வலித்தால் காது. பேச்சு புரியாவிட்டால் காது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, எச்சிலை விழுங்கினோம். எதிரே இருந்த குழந்தை எங்களைப் பார்த்து அதேபோலச் செய்தது. 'டப்' என்று என் காது திறந்தது. ஹோட்டலின் சத்தம் முழுவதும் ஒரேயடியாக உள்ளே வந்தது.

"எனக்குத் திறந்திருச்சும்மா."

"எனக்கும்."

மறுபடியும் சாப்பிட்டோம். அதே சாம்பார்தான்.

அம்மா இட்லியை விட்டுவிட்டு, இலையில் கிடந்த சாம்பாரை விரலால் மெதுவாக ஒதுக்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அரிசியில் கல் பார்க்கும்போது அவள் முகம் இப்படித்தான் இருக்கும்.

"ஆக்ஸி, இங்க பாரு. தண்ணி தனியா ஓடுதா? பருப்பு திப்பிதிப்பியாக் கெடக்கா? வெந்த பருப்புன்னா தண்ணியோட சேந்து நிக்கும். இது வேகல. மத்த வச்சுக் கடைஞ்சு விட்டிருக்காக. அப்புறம் கூட்டம் வரவும் சுடுதண்ணிய ஊத்தியிருக்காக. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

"ரெண்டு தடவன்னு எப்படித் தெரியும்?"

"மொதத் தடவ ஊத்துனப்ப உப்புப் போட்டிருக்காக. ரெண்டாந்தடவ மறந்துட்டு, மொளகாப்பொடிய மட்டும் போட்டிருக்காக. பச்ச வாட அடிக்குதுல்ல?"

முகர்ந்து பார்த்தேன். அடித்தது. அவள் சொன்ன பிறகுதான் எனக்கு அடித்தது என்பதையும் எழுதிக்கொண்டேன்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏப்பா, பொங்கல் ஒண்ணு. தோசை ஒண்ணு. இந்தப் புள்ளைக்கு ஒரு ஊத்தப்பம்."

"அம்மா, போதும்மா! யாரு சாப்பிடுறது?"

"நீ எழுது."

இப்படி ஒரு குரலில் அம்மா எனக்கு உத்தரவு போட்டு நான் கேட்டதில்லை. பொங்கல் வந்தது. அவள் ஒரு வாய் வைத்தாள், நான் எழுதினேன். நெய் இல்லை, டால்டா. மிளகு முழுசாக இருக்கிறது, ஆனால் வாசம் போன மிளகு. இட்லி விரலில் பிசுக்கென்று ஒட்டியது. மாவு தானாகப் பொங்கவில்லை, சோடா போட்டிருக்கிறார்கள். நான்கு சட்னியில் மூன்று ஒரே சட்னி, நிறம்தான் வேறு. அம்மாவின் கன்னம் சிவந்துவிட்டது. எனக்குக் கை வேகமாக ஓடியது. பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்தவள்போல நான் உற்சாகமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

சப்ளையர் எங்கள் மேசையைத் தாண்டும்போதெல்லாம் நோட்டைப் பார்த்ததை நான் கவனிக்கவில்லை. கழுத்தில் என் வகுப்பு அடையாள அட்டை தொங்கியது. தொலைந்துவிடும் என்று எங்கே போனாலும் மாட்டிக்கொண்டே போவேன். திடீரென்று ஒரு சின்னக் கிண்ணத்தில் வேறு சாம்பார் வந்தது. இரண்டு நெய் ரோஸ்ட் வந்தது. நாங்கள் கேட்கவே இல்லை. பின்னாலேயே வெள்ளைச் சட்டையில், நெற்றியில் திருநீறோடு ஒருவர் கைகூப்பிக்கொண்டு வந்தார்.

"வணக்கம் மேடம். நான் ஞானவேல், மேனேஜர். இது உள்ள தனியா எடுத்து வச்சது. சாப்ட்டுப் பாத்துட்டு எழுதுங்க. மேடம் எந்த ஆபீஸ்ல இருந்து?"

நோட்டை மூடினேன். பொய் சொல்லவும் தெரியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை.

"ஜெராக்ஸ் கடைங்க" என்றேன்.

"என்னது?"

"நாயுடுபுரத்துல. கொடைக்கானல். இவங்க எங்கம்மா."

ஞானவேல் என் அட்டையைக் குனிந்து படித்தார். கூப்பிய கை மெதுவாகப் பிரிந்தது. சப்ளையர் பக்கம் திரும்பி, "ஏலே, இவங்களத்தான் ஃபுட் ஆபீசர்னு சொன்னியா? உன்னய..." என்றார். பக்கத்து மேசை முழுவதும் சிரித்தது. எனக்கு இலைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அம்மா மட்டும் கிண்ணத்துச் சாம்பாரை நிதானமாக ருசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது தண்ணி ஊத்தாதது. ஆனா இதுலயும் பருப்பு வேகலயே?"

அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க என்ன சோலி பாக்குறீங்க?"

"பள்ளிக்கூட ஹாஸ்டல்ல சமையல்."

அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. எதிர் நாற்காலி அப்போதுதான் காலியாகியிருந்தது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்.

"வெள்ளிக்கிழமை கூட்டம் எப்பிடின்னு பாக்குறீங்கல்ல? அஞ்சு மணிக்குக் கதவத் தொறந்தா பதினொண்ணு வரைக்கும் இதே மாதிரிதான். பருப்பு வேகுற வரைக்கும் யாரு நிப்பா?"

"கீழதான் பருப்பு வெரசா வெந்துருமே? மேல எங்களுக்குத்தான் வேகாது."

"நேரம் குடுத்தா எங்கேயும் வேகும்க்கா. இங்க நேரம் குடுக்க முடியல, அவ்வளவுதான்." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார். "ஆனா ஒண்ணு. வர்றவங்க யாரும் இதுவரைக்கும் கொற சொன்னதில்ல. நீங்கதான் மொத ஆளு."

"இது அசல் பெரிய விலாஸ்தானே?" என்று நான் கேட்டுவிட்டேன். எங்கோ ஒரு மூலையில் எனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது.

"ஏம்மா!" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பக்கத்துல இருக்கதெல்லாம் போன வருஷம் மொளச்சது. எங்க பலகையப் பாத்தியா? அதுல ஏறியிருக்க புகையப் பாத்தியா?"

காப்பி வந்தது. அதை மட்டும் சொல்லாமல் விட்டால் பாவம். முதல் தரமான காப்பி. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "காப்பி ரொம்ப நல்லாருக்குண்ணே. தவக்காலத்துல பொய் சொல்லக் கூடாது" என்றாள். ஞானவேல் சிரித்துவிட்டார்.

வெளியே வந்ததும் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். இப்போது என்ன நினைக்கிறாள்? கோபமா? இவ்வளவு தூரம் வந்து ஏமாந்துவிட்டோம் என்ற வருத்தமா? பூக்கடை ஒன்றின் முன்னால் சட்டென்று நின்றாள்.

"ஏண்டி, அந்த மாஸ்டரு இங்கதான வேலை பாத்தாரு?"

"ஆமாம்மா."

"இந்தச் சாம்பாரத்தான வைப்பாரு?"

"அப்படித்தான் இருக்கும்."

"போனக் குடு."

"யாருக்கும்மா?"

"பரமானந்தம் சாருக்கு. வேற யாருக்கு?"

எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அம்மா போனில் பேசும்போது அந்தப் பக்கத்துக்குக் கேட்காதோ என்று கத்துவாள். பூக்கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் பேசுவதும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"சார், நான் கித்தேரி பேசுறேன். அந்த மாஸ்டருக்குச் சரின்னு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. உங்க பதிலுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

"சொல்லாதீங்க. நான் வர்றேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அம்மா நிறுத்தவில்லை.

"ஆனா சார், சாம்பார் தீந்துபோச்சுன்னா தண்ணி ஊத்த மாட்டேன். புதுசாத்தான் வைப்பேன். ஒரு மணி நேரம் ஆகும். வந்தவங்க காத்திருக்கணும்."

 போச்சு என்று நினைத்தேன். கிடைத்த வேலையைக் கையில் வாங்கும் முன்பே நிபந்தனை போடலாமா? வகுப்பில் இதைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தார்கள். என்னவென்று நினைவுக்கு வரவில்லை.

"டூரிஸ்ட்டுங்க காத்திருப்பாங்களாம்மா?" என்றார் அவர்.

"நல்ல காப்பியாக் குடுப்போம் சார். குடிச்சிக்கிட்டு ஏரியப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

அவர் சிரிப்பது கேட்டது. "சரி. நாளன்னைக்கி ஞாயித்துக்கிழமை ஒம்பது ரூமு ஃபுல்லு. அன்னைக்கி நீங்க டிபன் போட்டுக் காட்டுங்க. எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லிட்டா கிச்சன் சாவி உங்க கையில. இல்லன்னா மாஸ்டருதான். சம்மதமா?"

"சம்மதம்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா விரல்களை மடக்க ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை காலையில இட்லின்னா, வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி. ரெண்டு ராத்திரி மாவு கெடக்கணும். அப்போ இன்னைக்கே ஆட்டியாகணும். ஆட்டணும்னா இப்பவே அரிசி ஊறணும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் விரிந்திருந்தது. "மணி என்னடி?"

"பதினொண்ணு அம்பது. பன்னெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கும்மா!"

ஓடினோம். திருநாள் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பஞ்சாமிர்தக் கடைகளுக்கும் பக்தர்களுக்கும் நடுவில் அம்மா ஓடினாள். எதிரே காவடி ஒன்று வந்தது. "வழி விடுங்கய்யா, வழி விடுங்க" என்று அவளே கத்தினாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். நான் படியில் கால் வைத்து, கையைப் பிடித்து அவளை உள்ளே இழுத்தேன். இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அம்மா மறுபடியும் போனைக் கேட்டாள். இந்தத் தடவை பக்கத்து வீட்டுச் செலினா அக்காவுக்கு. எங்கள் வீட்டுச் சாவி எப்போதும் ஒன்று அவரிடம் இருக்கும்.

"செலினா! வீட்டத் தொறந்து ரெண்டு படி இட்லி அரிசிய ஊறப் போடு. நல்லாக் கழுவிப் போடு."

"ரெண்டு படியா? என்னக்கா, வீட்டுல யாருக்கு என்ன?" செலினா அக்காவின் குரல் பயந்துபோயிருந்தது.

"ஒண்ணுமில்ல. நல்லதுதான். வெரசாப் போடு."

"நான் கோயிலுக்குச் சிலுவைப்பாதைக்குப் போகணும்க்கா."

"அது அஞ்சு மணிக்குத்தானடி! அதுக்குள்ள நான் வந்துருவேன். உளுந்த நான் வந்து போட்டுக்குறேன். அரிசிய மட்டும் நீ போடு."

"என்ன விசேஷம்னு சொன்னாத்தான் போடுவேன்."

"எனக்குச் சோலி வந்திருக்குடி!"

பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்னும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுத்தான் என்று அம்மாவின் காதில் சொல்ல வாயெடுத்தேன். ஒன்பது அறை என்றால் முப்பது பேர் இருப்பார்கள். முப்பது பேரில் ஒருவருக்காவது பிடிக்காமல் போகாதா? இரண்டு படி போதுமா? குளிர் அதிகமாகி மாவு பொங்காவிட்டால்? எல்லாம் வரிசையாக என் தலைக்குள் வந்து நின்றன.

பக்கத்து இருக்கையில் இரண்டு குழந்தைகளோடு இருந்த ஓர் அம்மா நகர்ந்து கொஞ்சம் இடம் கொடுத்தார். மதுரைப் பக்கத்தவர்போல. "உக்காருங்கக்கா. ரெண்டு படி அரிசிங்கிறீங்க, ஹோட்டலா வச்சிருக்கீங்க? நாங்களும் ரெண்டு நாளைக்குக் கொடைக்கானல்தான் போறோம். காலையில புள்ளைகளுக்கு நல்ல இட்லி எங்க கெடைக்கும்?"

அம்மா ஓரமாக உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, மூச்சு வாங்கினாள். நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"ஏரிக்கு மேல பரமானந்தம் சார் லாட்ஜுன்னு கேளுங்க. ஞாயித்துக்கிழமை நாந்தான் போடுறேன். வெள்ளனே வந்துருங்க, என்ன? லேட்டா வந்தீங்கன்னா சாம்பார் வேகுற வரைக்கும் உக்காந்திருக்கணும்."